முப்பத்து மூன்றாம் பட்டம்

“நான் உள்ளே வர முடியாதும்மா. வர்றது யாருன்னு தெரியலை.”

வாசலுக்கு வெளியே நின்று இப்படிச் சொன்னவர் அங்கமுத்து. வயது அறுபத்து மூன்று. ஆறடி உயரம், அதில் தொண்டை மட்டும் ஒரு முழம்.

வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து, முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தவள் பெருமாயி. அவருடைய மகளைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த மலைக்குக் கீழே பதினெட்டு ஊரிலும் அவளைத்தான் பெரிய ஞானி என்று சொன்னார்கள்.

“பேரு என்ன?” என்றாள் பெருமாயி.

“அங்கமுத்து.”

“தெரியுதே. வாங்க உள்ளே.”

“பேரு தெரியும் தாயே. பேருக்கு உள்ளே யாருன்னுதான் தெரியலை.”

பெருமாயி முறத்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். அது உருண்டு வந்து அவர் கட்டைவிரலில் முட்டி நின்றது.

அங்கமுத்து அந்தக் கல்லையே பார்த்தார். கண் கலங்கிற்று. குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, வேட்டி மடியில் பத்திரமாக முடிந்துகொண்டார்.

“சொல்லுங்க” என்றாள் பெருமாயி.

அவர் சொன்னார்.

நெடுங்கரை ஜமீனில் நாற்பத்தொரு வருஷம் அவர்தான் கட்டியக்காரர். ஜமீன்தார் சபைக்கு வரும்போது, வாசற்படி ஓரம் நின்று, வருகிறவர் இன்னார் என்று அவர் பட்டங்களை வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு பட்டங்கள். முப்பத்திரண்டாவது முடியும்வரை ஜமீன்தார் படியைத் தாண்டக் கூடாது. முடிந்த பிறகு ஒரு நொடி நிற்கவும் கூடாது. அது அங்கே முறை.

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. ‘புலியைப் புறங்கையால் அடித்தவர்’ என்ற ஏழாவது பட்டத்துக்கு அரண்மனைத் தோப்பில் தேங்காய் விழும். அந்தத் தோப்புக்கு மரமேற ஆள் வைத்ததே கிடையாது. காய் வேண்டுமென்றால் அங்கமுத்துவைக் கூப்பிட்டு ஏழாவதை மட்டும் சொல்லச் சொல்வார்கள். நம்பாதவர்கள் நெடுங்கரைக்குப் போய் அந்தத் தென்னைகளையே விசாரித்துக்கொள்ளலாம்.

ஒரு தீபாவளிக்கு அங்கமுத்துவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஜமீன்தார் பட்டுத் தலைப்பாகையோடு படிக்கு வெளியே விடிகாலையிலிருந்து நின்றார். சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. யாரும் வந்ததாகச் சொல்லவில்லையே, யாருக்காக எழுந்திருப்பது? மிளகுக் கஷாயம் ஏழு டம்ளர் உள்ளே போன பிறகு, மத்தியானம் குரல் வந்தது. குரல் வந்த பிறகுதான் ஜமீன்தார் வந்தார்.

“அன்னிக்கு ஒண்ணு புரிஞ்சுது தாயே. வாசல்ல நின்னாரே, அவர் யாரோ ஒருத்தர். நான் சொன்ன பிறகு உள்ளே வந்தாரே, அவர்தான் ஜமீன்தார்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஜமீன் போச்சு.”

கடைசி நாளும் அவர் கட்டியம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பத்தொன்பதாவது பட்டத்தில் ஜமீன்தார் அவர் தோளில் கை வைத்து, “போதும் அங்கமுத்து” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி சும்மா உள்ளே நடந்து போய்விட்டார்.

அங்கமுத்து மூட்டையைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். மகள் காமாட்சி கதவைத் திறந்து, “வாங்கப்பா உள்ளே” என்றாள்.

அவர் வலது காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

வருகிறவர் யார் என்று யாராவது சொல்ல வேண்டாமா? சொல்கிற ஆள் அவர்தான். வாயைத் திறந்தார். அடுத்தவருக்கு முப்பத்திரண்டு பட்டம் நாக்கு நுனியில் இருந்தது. தனக்கென்று ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்தார். உள்ளே அறுத்தடித்து அள்ளிய களம் மாதிரி இருந்தது.

தூக்கிய காலை வெளியிலேயே வைத்துவிட்டார்.

“ரெண்டு வருஷம் ஆச்சும்மா. எந்த வீட்டுக்குள்ளயும் போகலை. கோயில் மண்டபம், மாட்டுக் கொட்டகை, வண்டிக்கு அடியில. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பேத்தி. ஜன்னல் வழியாத்தான் பார்த்தேன்.” அவர் இரண்டு விரலைக் காட்டினார். “பல்லு ரெண்டு இருக்கு.”

பெருமாயி புடைப்பதை நிறுத்தினாள்.

“யார்கிட்டயும் கேக்கலையா?”

“ஒரு சாமியார்கிட்ட கேட்டேன். பேச்சை நிறுத்துன்னார். எண்ணமெல்லாம் கிளி மாதிரி, வரும் போகும், நீ அசையாதே, கிளியெல்லாம் போன பிறகு மிஞ்சறவன் எவனோ அவன்தான் நீன்னார். ரெண்டு வருஷமா வாயை அடக்கித்தான் வச்சிருக்கேன். கிளி போகவே மாட்டேங்குது.”

“என்கிட்ட யாரு அனுப்பினா?”

“ஊரே சொல்லுது தாயே. வழி தெரியாம அலைஞ்ச ஒருத்தருக்கு நீங்க ஒரே வார்த்தையில வழி காட்டினீங்களாமே. வந்த வழியே போங்கன்னீங்களாம். அவர் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போய், இப்போ பொண்டாட்டியோட சமாதானமா இருக்காராம்.”

“அவர் சந்தைக்குப் போற வழியைக் கேட்டார்” என்று உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் சொன்னது.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் பெருமாயி, உள்ளே திரும்பி. பிறகு அங்கமுத்துவைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, கடையில் மண்பானை வாங்குகிற மாதிரிப் பார்த்தாள்.

“தினை முத்திக்கிட்டு வருது பெரியவரே. அறுப்புக்கு இருபது நாள் இருக்கு. காவல் காக்கற என் வீட்டுக்காரர் பரண்ல இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டார். நீங்க கொல்லைக்குக் காவல் இருங்க. ஒரு கிளி இறங்கக் கூடாது.”

“இருந்தா?”

“அறுப்பு அன்னிக்கு நீங்க யாருன்னு சொல்றேன்.”

அங்கமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிளி! அவள் வாயிலிருந்தும் அதே வார்த்தை!

“கத்தணும் அய்யா!” என்றது உள்ளே இருந்த குரல். அது அவள் கணவன் மாரப்பன். “பரண்ல தகரம் இருக்கு, தட்டணும். கவண் இருக்கு, கல்லு வச்சு எறியணும். சும்மா நின்னீங்கன்னா ஒரு கதிர் மிஞ்சாது. இந்தத் தினை போச்சுன்னா அடுத்த வருஷம்வரைக்கும் எங்க அடுப்புல பூனைதான் படுத்திருக்கும்!”

அங்கமுத்து மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பாவம், தான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்றே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

•

தினைக்கொல்லை மேட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில் இருந்தது. ஓரத்தில் ஒரு பலாமரம். நடுவில் ஒரு பரண். பரணுக்குப் பக்கத்தில் ஒரு வைக்கோல் பொம்மை. சட்டிதான் தலை, சுண்ணாம்பில் கண், மாரப்பனின் கிழிந்த சட்டை. இடது கை வலது கையைவிட ஒரு சாண் நீளம்.

அங்கமுத்து நின்று யோசித்தார்.

கொல்லை என்றால் உடம்பு. தினை என்றால் ஆயுசு. கிளி என்றால் எண்ணம். பரண் என்றால் புருவமத்தி. அதில் ஏறி உட்கார வேண்டும் என்றுதான் அர்த்தம். ஆனால் மாரப்பன் அங்கிருந்து விழுந்திருக்கிறாரே? அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும்.

தகரத்துக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் அர்த்தம் கிடைக்கவில்லை. அதனால் அதைத் தூக்கிப் பரணுக்கு அடியில் போட்டார். கவணும் அதன் மேல் விழுந்தது.

பிறகு பொம்மைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்தார். கண்ணைப் பாதி மூடினார்.

கிளி வரும், போகும். நான் அசைய மாட்டேன்.

முதல் நாள் கிளிகள் வந்து, இரண்டு பொம்மையைப் பார்த்துவிட்டுப் பலாமரத்திலேயே உட்கார்ந்திருந்தன.

இரண்டாம் நாள் அவர் பக்கமாக ஒன்று இறங்கிற்று.

மூன்றாம் நாள் நூறு.

ஐந்தாம் நாள் ஒரு கிளி அவர் வலது கையில் உட்கார்ந்து, இடது கையில் உட்கார்ந்திருந்த கிளியோடு சண்டை போட்டது. அங்கமுத்து அசையவில்லை.

எட்டாம் நாள் ஒரு தினைக்குருவி அவர் குடுமியை அவிழ்த்து, நார் வைத்துப் பின்னி, கூடு கட்டிற்று. பத்தாம் நாள் அதில் மூன்று முட்டை இருந்தது. முட்டை இளஞ்சூடாக உச்சந்தலையில் பட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஏற்பட்ட ஆனந்தம் இருக்கிறதே, அது நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் ஏற்படவில்லை.

உள்ளே யாருமே இல்லை. சுகமாக இருந்தது.

பெருமாயி தினமும் மேட்டுக்கு இந்தப் பக்கம் பாறைமேல் கூழ்க்கலயத்தை வைத்துவிட்டு விறகுக்குப் போய்விடுவாள். அந்திசாய்ந்து கிளிகள் போன பிறகு, அங்கமுத்து தலையை ஆட்டாமல் மெதுவாக நடந்து வந்து குடிப்பார்.

பன்னிரண்டாம் நாள் மாரப்பன் கேட்டாராம்: “ஏ புள்ள, தேங்காய் விழற குரல்னு சொன்னாரே அந்தப் பெரியவர். பன்னிரண்டு நாளா ஒரு இருமல் சத்தம்கூட வரலையே?”

பெருமாயி கலயத்தோடு மேட்டில் ஏறி வந்தாள்.

•

“தாயே!” அங்கமுத்து தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். கண்ணீர் வழிந்தது. “நான் போயிட்டேன் தாயே! இங்க யாரும் இல்லை. கிளிக்கே தெரியலை!”

பெருமாயி கொல்லையைப் பார்த்தாள்.

வைக்கோல் பொம்மையைச் சுற்றி, சட்டை படபடக்கிற சத்தம் எட்டுகிற தூரம்வரைக்கும், வட்டமாகத் தினை தலை சாய்த்து நின்றது. அங்கமுத்துவைச் சுற்றி, அதைவிடப் பெரிய வட்டத்தில், கதிர் இல்லாத வெறும் தட்டை. அந்த மொட்டை வட்டம் பலாமரம்வரை நீண்டிருந்தது. கொல்லையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காணோம்.

அவள் நேராகப் பொம்மையிடம் போனாள்.

“பாவம், தனியா நின்னு காவல் காத்திருக்கே” என்று அதன் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். நீளமான இடது கையில் கூழ்க்கலயத்தை மாட்டினாள். “குடி.”

அங்கமுத்துவின் விரித்த கை மெல்ல இறங்கிற்று.

“தாயே, அது வைக்கோல்.”

“ஆமா. மனுஷன் மாதிரி நிக்கப் பார்க்குது. முடிஞ்ச அளவு நிக்குது.” அவள் ஒரு வெறும் தட்டையை ஒடித்துப் பார்த்தாள். “நீங்க மனுஷன். வைக்கோல் மாதிரி நிக்கறீங்க. கிளிக்குத் தெரியாதுன்னா சொன்னீங்க?”

குடுமியில் இருந்த குருவி ஒரு தடவை கத்திவிட்டு அடங்கிற்று.

அங்கமுத்து ஓடிப் பரணுக்கு அடியில் இருந்த தகரத்தை எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

“அப்போ... கிளின்னா?”

“கிளிதான்.”

“தினை?”

“நாங்க சாப்பிடறது.”

அவர் மடியை அவிழ்த்து அந்தக் கல்லை எடுத்து நீட்டினார். “முதல் நாள் என் காலடியில போட்டீங்களே, இது?”

“தினையில கிடந்துச்சு. பல்லுல படும்னு எறிஞ்சேன்.”

அங்கமுத்து தட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் அவர் குடிசை வாசலுக்கு வந்தபோது, மாரப்பன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து பேசினார்.

“நீங்க ஒருத்தர் இல்லை அய்யா. போன வருஷம் ஒரு வக்கீல் வந்தார். ராத்திரி ஆட்டுப்பட்டிக் கதவைச் சாத்துங்கன்னா இவ. அவரு எந்தக் கதவு, நெஞ்சுக் கதவா புத்திக் கதவான்னு விடியவிடிய யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சிறுத்தை வந்து ரெண்டு ஆட்டைத் தூக்கிட்டுப் போச்சு. அது போகும்போது கதவைச் சாத்திட்டுப் போச்சுன்னா பாருங்க, சிறுத்தைக்குப் புரிஞ்சது அவருக்குப் புரியலை. இவகிட்ட ஞானம் கேட்டு வந்தவங்க எல்லாம் எதையாவது கெடுத்துட்டுத்தான் போயிருக்காங்க.”

“நான் போயிடறேன்” என்றார் அங்கமுத்து.

“போறதுன்னா போங்க” என்றாள் பெருமாயி. “கிளி காலையில வரும்.”

•

காலையில் கிளி வந்தது.

அங்கமுத்துவும் நின்றார். கூட்டைப் பதமாக எடுத்துப் பலாமரக் கிளையில் வைத்துவிட்டு, குடுமியை முடிந்துகொண்டு நின்றார்.

கவணில் அந்தக் கல்லை வைத்துச் சுழற்றினார். அது அவர் காதையே சீவிக்கொண்டு பின்பக்கம் போயிற்று.

தகரத்தைத் தட்டினார். பன்னிரண்டு நாள் பழகிய கிளிகள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டின.

“சோ!” என்று கத்தினார். இரண்டு வருஷம் அடக்கி வைத்த தொண்டை. பூனைக்குட்டி தும்மியது மாதிரி வந்தது.

கிளிகள் இறங்கின. ஒன்றிரண்டு இல்லை; பச்சைப் போர்வையை உதறி விரித்த மாதிரி இறங்கின. அடுப்பும் பூனையும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ பிடுங்கிக்கொண்டு கிளம்பிற்று.

“நெடுங்கரைச் சிங்கம்! ஏழு யானை கட்டியவர்! எதிரிகளுக்கு இடி!”

அவருக்குத் தெரிந்தது அதுதான். வேறு எதைக் கத்துவார்?

ஏழாவது பட்டத்துக்குப் பலாப்பழம் இரண்டு விழுந்தது. போர்வை அப்படியே மேலே எழுந்து, மலையைத் தாண்டிப் பறந்து போயிற்று.

மூன்று நாள் ஒரு கிளி இறங்கவில்லை. அவர் முப்பத்திரண்டையும் சொல்வார், மூச்சு வாங்கிக்கொள்வார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பெருமாயி அவருக்கென்று தனியாகக் கலயம் கொண்டுவரவில்லை. பொம்மையின் கையில்தான் மாட்டிவிட்டுப் போனாள். “பங்காளி, எனக்கும் கொஞ்சம் குடு” என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான்காம் நாள்தான் வினை வந்தது.

கிளியிடம் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்குத்தான் தெரியாது? கட்டியக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை.

விடிந்ததும் கிளிகள் வந்து பலாமரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. அவர் கட்டியத்தைத் தொடங்கினார். அவை பறக்கவில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தன. ‘தனக்குத் தானே நிகரானவர்’ என்ற முப்பத்திரண்டாவது பட்டம் முடிந்ததும், பெரிய கிளி ஒன்று முன்னே வர, மற்றவை பின்னே வர, ஊர்வலமாகக் கொல்லைக்குள் இறங்கின.

அவற்றைக் குற்றம் சொல்லவும் முடியாது. முறை அதுதானே? பட்டம் முடிந்தால் உள்ளே வரலாம்.

கையை வீசி ஓடித் துரத்திவிட்டு, மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை முப்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டார். கிளிகள் கொஞ்சம் காத்திருந்தன. பிறகு பெரிய கிளி கழுத்தை நீட்டி, அச்சு அசலாக அவர் குரலில், “தனக்குத் தானே நிகரானவர்!” என்று முடித்துவைத்தது. வலது காலைத் தூக்கிற்று.

இன்னும் நாலு நாள். பாதிக் கொல்லை. முப்பத்திரண்டுக்கு மேல் ஒரு பட்டம் இருந்தால் கிளி நிற்கும். முப்பத்து மூன்றாவது என்று ஒன்று ஜமீனில் கிடையாது.

அங்கமுத்து வாயைத் திறந்தார். மகள் வீட்டு வாசலில் திறந்த அதே வாய். உள்ளே அதே களம்.

கிளியின் கால் கிளையை விட்டு நீங்கிற்று.

“குதிரைக்குப் பயந்தவர்!”

கிளி காலைத் திரும்ப வைத்தது.

அங்கமுத்து திடுக்கிட்டுப்போனார். யார் அது? ஜமீன்தார் குதிரைக்குப் பயந்தவர் இல்லை. நாற்பத்தொரு வருஷமாக லாயத்தைச் சுற்றிக்கொண்டு, முள்ளில் இறங்கி அரண்மனைக்குப் போன ஆள் ஒருத்தர் உண்டு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. அடுத்தது?

“வெள்ளையம்மாள் புருஷன்!”

பெண்டாட்டி பெயர். அவள் போய் ஒன்பது வருஷம் ஆயிற்று. இருக்கும்போது “இந்தா, உன்னைத்தானே” என்று கூப்பிட்டதோடு சரி. அந்தப் பெயரை அவ்வளவு உரக்க அவர் தொண்டை சொன்னதே இல்லை. அது போய் எதிர்மலையில் மோதி, “வெள்ளையம்மா” என்று திரும்பி வந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டார்.

மூன்று கிளி இறங்கப் பார்த்தது.

“முதல் நாளே பதினாலாவதை மறந்து பதினைந்துக்குத் தாவியவர்! காமாட்சி அப்பன்! அவளுக்குத் திருட்டு வெல்லம் கொடுத்துப் பெண்டாட்டியிடம் மாட்டியவர்! மகள் கல்யாணத்தன்று மாட்டுத்தொழுவத்தில் போய் அழுதவர்!”

“அய்யா!” மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாரப்பன் கத்தினார். “அந்த வெல்லக் கதை என்ன ஆச்சு?”

“மூணு நாள் பேசலை!” என்று அங்கமுத்துவும் கத்தினார். “நாலாம் நாள் அவளே வெல்லம் கொடுத்தாள்! கூழுக்கு வெங்காயம் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்குபவர்! மழையில் நனையப் பிடித்தவர்! நனைந்த பிறகு தும்முபவர்! கல்லை மடியில் முடிந்தவர்! வைக்கோல் பொம்மையிடம் தோற்றவர்! குருவிக்குக் குடுமி கொடுத்தவர்!”

கிளிகள் காத்திருந்தன. வெயில் ஏறிற்று. பட்டியல் முடிகிற வழியாக இல்லை. பலாமரத்தில் இரண்டு கிளி தூங்கிப்போய்க் கீழே விழுந்ததாகக்கூட ஒரு பேச்சு உண்டு.

அந்தி சாயும்போது அவருக்குக் குரல் கரகரத்தது. அப்போது வந்தது இது:

“பேத்தியை ஜன்னல் வழியாகப் பார்த்த மடையன்!”

கொஞ்சம் நிறுத்தினார்.

“பல்லு ரெண்டு!” என்றார். ஏழாவது பட்டத்துக்கு விழுந்ததைவிடப் பெரிய பழம் விழுந்தது.

அப்படியே நாலு நாள். விடிந்தால் தொடங்குவார், அடைந்தால் நிறுத்துவார். சொன்னதையே திரும்பச் சொன்னால் கிளி படித்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றும் புதிதாக இருக்க வேண்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தால் இருந்தது.

•

இருபதாம் நாள் கதிர் அறுத்தார்கள். மாரப்பன் கோலை ஊன்றிக்கொண்டு வந்து, மொட்டை வட்டத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். மீதியைப் பார்த்து, “பூனை வேற அடுப்புத் தேடிக்கட்டும்” என்றார்.

புதுத் தினையில் கொஞ்சம் அன்றைக்கே உலர்த்தி இடித்து, பெருமாயி சோறு ஆக்கினாள். மூன்று இலை போட்டாள்.

“வாங்க பெரியவரே.”

அங்கமுத்து கைகால் கழுவிக்கொண்டு, வாசலுக்கு வெளியே வந்து நின்றார்.

“தாயே, அறுப்பு முடிஞ்சுது.”

“ஆமா.”

“நான் யாருன்னு சொல்றேன்னீங்களே?”

பெருமாயி சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த அகப்பையை எடுத்து, உதட்டுக்குக் குறுக்கே வைத்தாள். பிறகு அதையே மலைப்பக்கம் நீட்டினாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம், பலாமரத்திலிருந்து, முதலில் ஒரு குரல் கேட்டது.

“குதிரைக்குப் பயந்தவர்!”

இன்னொன்று: “வெள்ளையம்மாள் புருஷன்!”

“காமாட்சி அப்பன்!”

“மழையில் நனையப் பிடித்தவர்!”

பிறகு மரம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. ஒரே தடவை சொன்னதையும் கிளிகள் விட்டுவைக்கவில்லை.

அங்கமுத்துவுக்குக் கட்டியம் சொல்லத் தெரியும். கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் கேட்கிறவர் எப்படி நிற்க வேண்டும் என்பதை நாற்பத்தொரு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர். துண்டை உதறித் தோளில் போட்டார். முதுகை நிமிர்த்தினார். வாசற்படிக்கு வெளியே, வலது காலை முன்வைத்து, கடைசிப் பட்டத்துக்காகக் காத்து நின்றார்.

“குருவிக்குக் குடுமி கொடுத்தவர்!”

“தும்முபவர்!”

“பல்லு ரெண்டு!”

மாரப்பன் இலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “அவர் வந்தாத்தான் எனக்குச் சோறா?”

“அந்தப் பட்டியல் முடியவே முடியாது பெரியவரே” என்றாள் பெருமாயி. “உள்ளே வாங்க. சோறு ஆறுது.”